கக்கத்துச் செருப்பு

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு இடுப்புக் கச்சை எட்டாமல் போயிற்று. தினமும் உடம்பை அசைத்தால்தான் சரியாகும் என்றார் வைத்தியர். தாம் அசைவதற்கு முன், தம்மைச் சுற்றியிருப்பவர்களில் யார் அசைகிறார்கள் என்று பார்க்க அரசருக்கு ஆசை வந்தது. "யாராயினும் சரி, உடம்பை அசைக்காதவருக்கு இந்தச் சபையில் ஆசனம் இல்லை" என்று ஆணையிட்டு, தரம் பிரிக்கும் பொறுப்பைத் தளவாய் திம்மப்பரிடம் விட்டார்.

சபைக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிடுவது அங்கே வழக்கம். தளவாய் அதையே அளவுகோலாக்கினார். அடித்தோல் நன்றாகத் தேய்ந்திருந்தால் முதல் தரம், பாதி தேய்ந்திருந்தால் இடைத்தரம், தேயாவிட்டால் கடைத்தரம். மாதக் கடைசியில் தீர்ப்பு.

இதில் ஒரு சூது இருந்தது. சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் வேம்படியானுக்கு அரசர் முன்பு மான்தோல் செருப்பு ஒரு ஜோடி பரிசளித்திருந்தார். ராஜா கொடுத்ததை மண்ணில் தேய்க்க மனமில்லாமல், அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருவான். வாசலில் மற்ற செருப்புகளோடு சேர்த்து வைப்பான். இது தளவாய்க்குத் தெரியும். அரசர் விகடனுக்கே செவி கொடுக்கிறார் என்பது அவருடைய நெடுநாள் எரிச்சல்.

தீர்ப்பு நாளில் சபையோரின் செருப்புகளை உள்ளே கொண்டுவந்து பார்த்தால் தளவாயின் செருப்பு ஓட்டை விழத் தேய்ந்திருந்தது. வேம்படியானுடையது புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. விகடன் ஆசனத்தை விட்டு எழ வேண்டும் என்றார் தளவாய். பலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

வேம்படியான் எழுந்தான்; வெளியே போகவில்லை. தளவாயின் செருப்பைத் துடைத்து அவருடைய ஆசனத்தில் வைத்தான்.

"உழைத்தது இது. இது உட்காரட்டும், நீர் நில்லும்."

ஆணையை அவமதிக்கிறான் என்று தளவாய் முறையிட்டார்.

"சோதித்தது செருப்பைத்தானே, ஐயா? காலை யார் பார்த்தார்கள்? இதில் பதிந்திருப்பது உமது கால் என்றால் இப்போதே போகிறேன். வைத்துக் காட்டும்."

அரசர் தலையசைத்தார். செருப்பில் அகன்ற விரல்கள் ஆழப் பதிந்திருந்தன. தளவாயின் மெத்தென்ற பாதம் அதில் பச்சைப்பிள்ளை கால்போலக் கிடந்தது. வாசலில் நின்ற தளவாயின் பல்லக்குத் தூக்கிகளை அழைத்து வைத்துப் பார்த்ததில், மூக்கன் என்பவனின் கால் கச்சிதமாகப் பொருந்தியது.

"எசமான்தான் போட்டு நடக்கச் சொன்னாக, சாமி. நடந்தேன். எசமான் பல்லக்குக்குள்ள இருந்தாக" என்றான் மூக்கன்.

அரசர் வேம்படியானை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. வாசலுக்குப் போய் இன்னொரு ஜோடியைக் கொண்டுவந்து சிம்மாசனத்தின் முன் கவிழ்த்து வைத்தான். அரசருடைய செருப்பு. அடித்தோலில் போட்ட ஜரிகைப் பூவில் ஓர் இழைகூடப் பிரியவில்லை.

"யாராயினும் சரி என்றது யார் வாய், அரசே?"

அரசர் ஜரிகையைப் பார்த்தார், தம் வயிற்றைப் பார்த்தார். பிறகு கச்சை அவிழ்ந்துவிடும்படி சிரித்துக்கொண்டே சிம்மாசனத்திலிருந்து இறங்கினார்.

முதல் தரம் மூக்கனுக்குப் போயிற்று. தளவாய் வெறும் பல்லக்கின் பின்னால் வீடுவரை நடந்தார். வேம்படியானுக்கு அரசர் இன்னொரு ஜோடி செருப்பு கொடுத்தார். "ஒன்று கக்கத்துக்கு, ஒன்று காலுக்கு. நாளை முதல் ஆற்றங்கரைக்கு என்னோடு நடக்க வேண்டும்."

வேம்படியான் வணங்கி வாங்கிக்கொண்டான். பழையதை இடக் கக்கத்திலும் புதியதை வலக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு அக்கரைக்கு நடந்தான்.