ஒரு சாணும் நாலு விரலும்

"ஏம்மா, குடுத்த காசுக்கு ஏத்த டென்ட் எதும்மா?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகத்தான் அருணகிரி திண்டுக்கல்லிலிருந்து போடி வரைக்கும் வந்திருந்தார்.

ஹசீனா தலை நிமிரவில்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேரு. நானும் எங்க வீட்லயும்."

"எதுல போறீங்க?"

"பைக்ல."

"வண்டி எங்க நிக்குது?"

அருணகிரி நெளிந்தார்.

"இன்னிக்கு பஸ்லதான் வந்தேன்."

மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மலை ஏறும் சாலையோரத்தில் இருந்தது அந்தக் கடை. மேலே போய்க் காற்றில் கிழிந்த டென்ட்களைக் கீழே இறங்கும்போது ஹசீனாவிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டு போவார்கள். வேண்டாம் என்று விட்டுப் போனதையெல்லாம் சரிசெய்து விற்பாள். பைக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் அவளுக்குக் குரு என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. குரு என்றால் உட்கார்ந்து பேச வேண்டும், எனக்கு வேலை கிடக்கிறது என்பாள். அவளுக்கு வயது முப்பத்திநாலு. கேட்க வந்தவருக்கு ஐம்பத்தியேழு.

அருணகிரி நூல் மில்லில் தரம் பார்க்கிறவர். முப்பது வருஷமாக நூலில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

டென்ட்களைப் பற்றி நாலு வருஷமாகப் படிக்கிறார். பார்க்காத வீடியோ இல்லை. மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார். டென்டுக்குள் படுத்தது மட்டும்தான் இல்லை.

அவர் மூன்றாவது நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"துணி எவ்வளவு மழை தாங்கணும்மா?"

"மழை எவ்வளவு பெய்யும்ணே?"

"அது... எப்படிச் சொல்றது?"

"நானும் எப்படிச் சொல்றது?"

அருணகிரி அந்தக் கேள்விக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"கம்பி அலுமினியமா இருந்தா நல்லதா, ஃபைபரா இருந்தா நல்லதா?"

"மிதிக்காம இருந்தா நல்லது."

இதை நோட்டில் எழுதலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதிக்கொண்டார்.

"சரிம்மா, அதெல்லாம் விடு. உன் கைக்கு வந்ததுலேயே நாள் கணக்கா உழைச்சது எது? ஒரு கிழிசல் இல்லாம?"

ஹசீனா முதல் தடவையாக நிமிர்ந்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய நீலப் பையைக் கண்ணால் காட்டினாள்.

"அது. ஒம்பது வருஷம். ஒரு நூல் பிரியலை."

அருணகிரி துள்ளி எழுந்து பையைத் தடவிப் பார்த்தார். தையலைப் பார்த்தார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார். புதுக் கருக்கு அழியவில்லை.

"எந்தக் கம்பெனி இது? இத்தனை வருஷம் எப்படித் தாங்குச்சு?"

"வாங்கினவரு ஒரு தடவைகூட விரிக்கலைண்ணே."

அவர் பையை விட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னைக் கேலி பண்றியாம்மா?"

"இல்லைண்ணே. கேட்டீங்க, இருந்ததைச் சொன்னேன்."

பிறகுதான் அவர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

மனைவி மரகதத்துக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. தை மாதம் ஆபரேஷன். அதற்குப் பிறகு பைக்கை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் உட்காரலாம், வலிக்கும், ஆனால் கெடுதல் இல்லை.

இருபத்தியாறு வருஷமாக அவருடைய புல்லட்டின் பின் சீட்டு அவளுடையது. மலைக்கு மேல் ஒரு நாள் தங்கி, காலையில் டென்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி மேகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் ஆசைப்பட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டது. நல்ல டென்டாகப் பார்த்து வாங்கிவிடுவோம் என்றார் இவர். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்.

"இப்ப ஐப்பசி. மழை விட்டா மார்கழி ஒண்ணுதான் இருக்கு. இந்த ஒரு தடவைதாம்மா. அவ குனியக் கூடாது, நனையக் கூடாது, இடுப்பு வலிக்கக் கூடாது. அதான் தப்பான டென்டை வாங்கிடக் கூடாதுன்னு பயமா இருக்கு."

பாவம், மனுஷன் பொய் சொல்லவில்லை.

ஹசீனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வண்டியில வாங்க. மலைக்கு என்னென்ன எடுத்துட்டுப் போவீங்களோ அத்தனையும் கொண்டாங்க."

"டென்ட்?"

"டென்டைத் தவிர."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

புல்லட்டின் இரண்டு பக்கமும் பை தொங்கியது. அடுப்பு, துணிமணி, போர்வை, காற்றடைக்கிற மெத்தை எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. மரகதம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று தவணையாக இறங்கினாள். முதலில் ஒரு கால், அப்புறம் ஒரு மூச்சு, அப்புறம் இன்னொரு கால்.

"வாங்க மதினி, வழியெல்லாம் வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சு. ஆனா காத்து நல்லா இருந்துச்சும்மா."

கடைக்குப் பின்னால் காலி இடத்தில் ஐந்தாறு டென்ட்களை விரித்துக் காயப் போட்டிருந்தாள் ஹசீனா. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

அருணகிரிக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். கடைசியில் பெரியதற்குள் நுழைந்தவர் வெளியே வரவே இல்லை.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்தது. கையைத் தூக்கினால்கூடக் கூரை தட்டவில்லை. இரண்டு வாசல். செருப்பு விடத் தனியாக ஒரு தாழ்வாரம். எந்தத் தையலிலும் குறை இல்லை. அவரே தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றால் இல்லைதான்.

"மரகதம், இங்க வந்து பாரு! நீ குனியவே வேண்டாம்!"

பதில் வேறு எங்கிருந்தோ வந்தது.

"என்னங்க, நான் இதுக்குள்ள இருக்கேன்."

எட்டிப் பார்த்தார். ஓரத்தில் சாயம் போன ஒரு சின்னப் பச்சை டென்ட். அதன் வாசலில் மரகதம் முதலில் உட்கார்ந்து, பின்பக்கமாகவே நகர்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்திருந்தாள். இப்போது படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இங்க வந்து பாருங்களேன்."

"இரு, இரு. அது வேண்டாம். எழுந்து வா, இடுப்பு பிடிச்சுக்கும்."

பெரியதை மடித்துப் பைக்குள் திணித்துத் தூக்கிக்கொண்டு கடை முன்னால் வந்தார். நெல் மூட்டை மாதிரி இருந்தது.

"இதாம்மா. முடிவு பண்ணிட்டேன்."

"சரிண்ணே. ஊருக்குக் கிளம்புற மாதிரிக் கட்டுங்க."

கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் ஒரு பழைய தார்ப்பாயைத் தைக்க ஆரம்பித்தாள்.

பின்னால் இருந்த கேரியரில் டென்ட் நிற்கவில்லை. உருண்டது. கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். சீட்டின் மேல் குறுக்கே போட்டதும் அமைந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று, நடுவில் ஒரு முடிச்சு. இழுத்துப் பார்த்தார், திருப்தி இல்லை, அவிழ்த்து மறுபடி கட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. சட்டை நனைந்துவிட்டது.

மரகதம் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்புகிற மாதிரி என்று ஹசீனா சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. ஹெல்மெட்டைப் போட்டு, வாரை மாட்டிக்கொண்டாள்.

"ஓட்டிக் காட்டட்டுமா?" என்று ஹசீனாவைக் கேட்டார்.

"ஓட்டுங்கண்ணே."

அருணகிரி காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். புல்லட் தடதடத்தது. சாலை முனையில் இருந்த புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பினார். வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் விட்டுப் பார்த்தார். சுமை அசையவில்லை. நாலு வருஷத்தில் இத்தனை சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. சிரித்துக்கொண்டே வந்து கடை முன்னால் நிறுத்தினார்.

"பாத்தியா மரகதம்? இம்மிகூட நகரலை!"

"பாத்தேன். நல்லாக் கட்டியிருக்கீங்க."

விட்ட இடத்திலேயே ஹெல்மெட்டோடு நின்றாள். வலிக்கிற பக்கத்துக்குப் பாரம் கொடுக்காமல் கதவில் சாய்ந்திருந்தாள்.

"என்னங்க."

"என்ன?"

"நான் பின்னாலயே பஸ்ல வந்துடட்டுமா? மேல வரைக்கும் பஸ் போகுதாம்."

அருணகிரி அவள் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் குறை தேடிய கண்ணால் அதில் கேலியைத் தேடினார். கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே கேட்டாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பிறகு நிறுத்தினார்.

இறங்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினார். கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். தான் போட்ட முடிச்சே வரமாட்டேன் என்றது. நகத்தால் நெம்பினார். கடைசிச் சுற்று கழன்றதும் டென்ட் தானாகவே உருண்டு மண்ணில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏறு."

"டென்டைக் கட்டலையா?"

"நீ ஏறு முதல்ல."

அவள் அவர் தோளைப் பிடித்தாள். ஒரு கால், ஒரு மூச்சு, இன்னொரு கால். உட்கார்ந்தபோது முகம் சுருங்கி, பிறகு சரியானது. கொஞ்சம் அப்படியும் இப்படியும் நகர்ந்து, இருபத்தியாறு வருஷமாக உட்காரும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"வசதியா இருக்கா?"

"இருக்கு."

"இன்னும் பின்னால சாஞ்சுக்கோ. நல்லா சாஞ்சுக்கோ."

சாய்ந்தாள்.

அருணகிரி சட்டைப் பையைத் தடவினார். அளவு நாடா இல்லை. நோட்டு கடைக்குள் எங்கேயோ கிடந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் மிச்சம் இருந்த கேரியரில் கையை விரித்து வைத்தார். ஒரு சாண். அதை ஒட்டி அடுத்த கையை வைத்தார். நாலு விரல்.

இரண்டு கையையும் அப்படியே, அளவு கலையாமல் முன்னால் நீட்டிக்கொண்டு கடை வாசலுக்கு நடந்தார்.

"ஏம்மா."

ஹசீனா தைத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதாம்மா இடம். இதுக்குள்ள என்ன இருக்கு?"

மெஷின் நின்றது.