நான்காவது குழி

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். எனக்கு அந்தப் பொறுமை எப்போதோ போய்விட்டது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை. விமானத்தின் சக்கரத்தைத் தாங்கும் எஃகுக் கால்களைச் செய்கிறார்கள். கம்பிகளைப் பிடித்துவைக்க ஒவ்வொரு காலிலும் காது என்று சொல்லும் ஒரு சின்னப் பிடியைப் பிரேசிங் செய்து, அதாவது டார்ச் என்ற நெருப்புக் குழலால் பித்தளையை உருக்கி, ஒட்டுவார்கள். பிறகுதான் உலையில் பதம் ஏற்றுவார்கள். பதம் ஏறிய எஃகில் மறுபடி நெருப்புப் பட்டால் அந்த இடம் வலுவிழந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஓடுபாதையில் இறங்கும்போது முறியும்.

சோதிப்பவள் செண்பகவல்லி. வைரமுனையை அழுத்தி, விழுகிற குழியை அளந்து எஃகின் வலுவைச் சொல்வாள். குழியும் ஒரு காயம்தான் என்பதால் வரைபடம் காட்டும் மூன்று இடங்களில் மட்டுமே அழுத்தலாம். நான்காவது குழி விழுந்தால் நல்ல பாகமும் கழிவுதான்.

ஒருநாள் காலையில், பதம் ஏறி வந்த காலொன்றில் காது சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். மதியம் அதே காது நேராக நின்றது. பிரேசிங் செய்யும் இருதயராஜிடம் போனாள்.

"அண்ணே, இதுல மறுபடி டார்ச் காட்டினீங்களா?"

"இல்லம்மா. அது முதல்லயே நேராத்தான் இருந்துச்சு," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

காதுக்குத் தள்ளியிருந்த அந்த மூன்று இடங்களிலும் அழுத்தினாள். மூன்றும் சரி. மேலாளர் கோதண்டராமன் பேனாவை நீட்டினார்.

"அதான் பாஸ் ஆயிடுச்சே. வண்டி நிக்குது, கையெழுத்தைப் போடும்மா."

"காதுகிட்ட ஒரு தடவை பாத்துடறேன் சார்."

"அங்க கை வெச்சா உனக்கு வேலை இருக்காது."

அவள் மறுத்தால் அடுத்த மேசைக்காரர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அது அவளுக்குத் தெரியும். காதுக்குப் பக்கத்தில் அழுத்தினாள். இருக்க வேண்டிய வலுவில் முக்கால்கூட இல்லை.

கோதண்டராமன் அறிக்கை எழுதினார்: 'அனுமதியில்லாத குழியால் பாகம் கெட்டது. அங்கே எடுத்த அளவு செல்லாது.' சாட்சிக் கையெழுத்து இருதயராஜ். அன்றே செண்பகவல்லியை வேலையைவிட்டு எடுத்தார்கள்.

டார்ச் காட்டியவரா, அவசரப்படுத்தியவரா, குழி போட்டவளா? சொல்லுங்கள், அந்தக் காலைக் கெடுத்தது யார்?

விடை: இருதயராஜ். காலையில் சாய்ந்திருந்த காது நெருப்பில்லாமல் மதியத்துக்குள் நிமிராது. செண்பகவல்லி அழுத்தும்போது அந்தக் கால் ஏற்கெனவே கெட்டிருந்தது. கெட்டதை நல்லதென்று அனுப்பும் வழியைத்தான் அவள் அடைத்தாள், தண்டனையும் அதற்குத்தான். வெட்கக்கேடு. அதே வண்டியில் இன்னும் பதினொரு கால்கள் மூன்று மூன்று குழிகளோடு போய்ச் சேர்ந்தன. அவற்றில் எத்தனை காதுகளை நிமிர்த்தினார் என்று இருதயராஜிடம் யாரும் கேட்கவில்லை.