உள்ளேன்

"மேடையில ஏறினா எனக்கு நாக்கு எழ மாட்டேங்குது டீச்சர். என்ன செய்யட்டும்?"

கேட்டவர் தலைமையாசிரியர் கோதண்டபாணி. வயது ஐம்பத்து நான்கு. கேட்கப்பட்டவர் பர்வீன், அதே அரசுப் பள்ளியின் தமிழாசிரியை. அவரைவிட இருபது வயது இளையவர். பேச்சுப் போட்டிக்கு அவர் பழக்கி அனுப்பிய பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.

பர்வீன் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வகுப்புல முப்பது வருசமா பேசுறீங்களே சார்."

"அங்க கணக்கு பேசும். நான் பக்கத்துல நிப்பேன்."

"சுதந்திர தினத்தன்னிக்கு என்ன ஆச்சு?"

அவர் ஜன்னல் வழியே கொடிக்கம்பத்தைப் பார்த்தார். அன்று மைக் முன்னால் "அனைவருக்கும் வணக்கம்" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கொடியைப் பார்த்தார். நாட்டுப்பண் பாடச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு மிட்டாய் சீக்கிரம் கிடைத்தது. அவர்களுக்குத் தெரிந்து அதுதான் சிறந்த உரை.

"நான் கீழே நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்றார் பர்வீன். "மேடையில நீங்க இல்லையே சார்."

"என்ன டீச்சர் சொல்றீங்க? கொடி ஏத்தினதே நான்தான்."

"ஏத்தினீங்க. அப்புறம் எங்க போனீங்க?"

கோதண்டபாணி தன்னையே கேட்டுக்கொண்டார். எங்கே போனோம்?

வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். அடுத்த ஊர்த் தனியார் பள்ளியின் மஞ்சள் பேருந்து இப்போது இந்த ஊர் வரைக்கும் வருகிறது. பாதிப் பேர் பிள்ளைகளை அங்கே மாற்றிவிடும் யோசனையில் இருந்தார்கள். இங்கே பதினொன்றாம் வகுப்பில் ஆள் சேராவிட்டால் கணக்குப் பிரிவை மூடிவிடுவார்கள். ஆயுள் முழுக்கக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் கையாலேயே அதற்குப் பூட்டா?

"கூட்டத்துல நீங்களே பேசிடுங்களேன் டீச்சர்."

"உங்க சாப்பாட்டையும் நானே சாப்பிட்டுடவா சார்?"

அவருக்குச் சுருக்கென்றது.

பர்வீன் அடுத்த தாளைத் திருப்பினார். "நாளைக்குக் காலையில பத்தாம் வகுப்புக்கு வாங்க. கடைசி பெஞ்சுல இடம் இருக்கு."

மறுநாள் போனார். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் முழங்காலை நுழைக்கவே பெரும்பாடாய்ப் போயிற்று. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பர்வீன் வருகை எடுக்கத் தொடங்கினார்.

"ச. தங்கமீனா."

"உள்ளேன் அம்மா."

"ம. அந்தோணிராஜ்."

"உள்ளேன் அம்மா."

"பி. இசக்கியம்மாள்."

"உள்ளேன் அம்மா."

பர்வீன் நிறுத்தினார். "இசக்கியம்மாள் அவ அத்தை மக கல்யாணத்துக்கு நேத்தே போயாச்சு. இப்ப சொன்னது யாரு?"

நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நான்தாம்மா. அவளுக்கு ஆப்சென்ட் விழுந்துருமேன்னு."

"குரல் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பர்வீன். "ஆளத்தான் காணோம்."

வகுப்பு சிரித்தது. பர்வீன் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

கோதண்டபாணியின் கை சட்டைப் பைக்குப் போனது. வெள்ளிக்கிழமைக்கான உரை அங்கே மடித்துக் கிடந்தது. 'கல்வி எனும் கலங்கரை விளக்கம்.' ஏதோ ஒரு புத்தகத்தில் எடுத்தது. கலங்கரை விளக்கத்தை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது.

உரையை அறையிலேயே வைத்துவிட்டு மேடைக்குப் போனார். துணிச்சலா, மறதியா, அவருக்கே தெரியவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. மைக்கைப் பிடித்தார்.

"அனைவருக்கும் வணக்கம்."

அவ்வளவுதான். அதே இடம். அதே வறட்சி. முழங்கால் ஆடத் தொடங்கியது. எதிரே அத்தனை முகங்களும் ஒன்றாகி, ஒரே பெரிய முகமாக அவரைப் பார்த்தன.

முதல் வரிசையில் இசக்கியம்மாளின் அப்பா பிச்சையா தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். "பேசுங்க சார்," என்றார். "எங்க ஊரு பஸ்ஸு போயிரும்லா."

யாரோ சிரித்தார்கள். கோதண்டபாணி படிகளைப் பார்த்தார். இறங்கிவிடலாம்.

அப்போது கூடத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாத குரல். ஏற்ற இறக்கமில்லாமல், காலை வேளையில் பேர் வாசிக்கிற குரல்.

"வை. கோதண்டபாணி."

பள்ளிப் பருவம் முழுக்கப் பழகின வாய். யோசிக்காமல் திறந்துகொண்டது.

"உள்ளேன் அம்மா."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கூடமே சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பிச்சையா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கோதண்டபாணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துப் பார்த்தால் எதிரே அந்தப் பெரிய முகம் இல்லை. தங்கமீனாவின் அம்மா இருந்தாள். அந்தோணிராஜின் தாத்தா இருந்தார்.

"கால் ஆடுது," என்றார் அவர் மைக்கில். "நல்லா பாத்தீங்கன்னா தெரியும். ஆடட்டும். நான் இங்கதான் நிக்கேன்."

கூடம் அடங்கியது.

"அந்தப் பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு வகுப்பு ஏசி இருக்காம். இங்க ஃபேனே பாதி ஓடாது. ஆனா உங்க பிள்ளை எந்த வரியில தப்பு பண்ணும்னு எனக்குத் தெரியும். தங்கமீனா கழித்தல் குறிய முழுங்கிருவா. அந்தோணி கேள்வியப் பாதி படிக்கும்போதே பதில் எழுத ஆரம்பிச்சிருவான். இசக்கியம்மாள் சரியான விடையப் போட்டுட்டு, சந்தேகப்பட்டு, தானே அடிச்சிருவா. அவ கைய மட்டும் புடிச்சு நிறுத்திட்டா போதும். அவளுக்குக் கணக்கு வரும்."

பிச்சையா துண்டைத் தோளில் போட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த வருசமும் பிள்ளை இங்கதான்னு நினைக்கிறவங்க, பேர் சொல்லும்போது பதில் சொல்லுங்க. நினைக்காதவங்க சும்மா இருக்கலாம். எனக்கு வருத்தம் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "வருத்தம் இருக்கு. இருந்தாலும் பரவாயில்ல."

கையில் பதிவேடு இல்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

"ச. தங்கமீனா."

கூட்டத்துக்குள் சலசலப்பு. தங்கமீனாவின் அம்மா பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தோடு எழுந்தாள்.

"உள்ளேன் ஐயா."

"ம. அந்தோணிராஜ்."

"உள்ளேன் ஐயா." தாத்தாவின் குரல் கூரையில் மோதித் திரும்பியது.

வெளியே அந்த ஊர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பிச்சையா எழுந்து வாசல் பக்கம் நடந்தார்.

கோதண்டபாணி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அடுத்த பேரை வாசித்தார்.

"பி. இசக்கியம்மாள்."

பதில் இல்லை.

பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. பிறகு கிளம்பிப் போகும் சத்தம்.

வாசலில் நின்றிருந்த பிச்சையா திரும்பினார். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைப் போல விறைப்பாக நின்றார்.

"உள்ளேன் ஐயா."