முன்வரிசைத் தட்டு

குருவுக்கு வயது முப்பத்து நாலு, சிஷ்யருக்கு அறுபத்தொன்று. குரு நசீமா, திருச்சி பாலக்கரையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர். சிஷ்யர் ஆராவமுதன், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபின் அங்கே வேலை கற்றுக்கொள்ள வந்தவர். கச்சேரிப் பைத்தியம். எந்தச் சபாவில் எந்தக் கச்சேரி நடந்தாலும் முன்வரிசையில் ஒரு நாற்காலி அவருடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டதுதான்.

போன மார்கழியில் மரகதவல்லி பாடிய கச்சேரியை ஒட்டவைக்கும் வேலை வந்திருந்தது. மேடை மைக்கில் பிடித்தது ஒன்று, மாடியிலிருந்து கேமராவில் எடுத்தது ஒன்று, ரசிகர்கள் போனில் எடுத்தது மூன்று; அதில் ஒன்று முன்வரிசையிலிருந்து. ஐந்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து, கலந்து, ஒரே கச்சேரியாகத் தர வேண்டும். ஆராவமுதன் மூன்று நாள் உட்கார்ந்து முடித்திருந்தார்.

நசீமா திரையைப் பார்த்தார்.

"அஞ்சு வந்துச்சு. நாலுதானே இருக்கு சார்?"

"முன்வரிசை போன் சேரலை மேடம். அதோட கடிகாரம் கோளாறு. ஆரம்பத்துல சேர்த்தா நடுவுல விலகிப் போறது."

போன்கள் அப்படித்தான். ரெண்டு மணி நேரத்தில் ஒன்று கால் விநாடி முந்தும், ஒன்று பிந்தும். பொய்க்கு நல்ல காரணமாகத்தான் கிடைத்திருந்தது. சொல்லிவிட்டு ஆராவமுதன் தண்ணீர் குடித்தார். தாகம் ஒன்றும் இல்லை.

நசீமா அந்தப் பதிவை எடுத்துப் போட்டார். முதல் பாட்டின் கைதட்டலை மற்ற நாலோடு ஒட்டினார். கடைசிக் கைதட்டலுக்குப் போனார். அதுவும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"கடிகாரம் நல்லாத்தானே ஓடுது?"

நசீமா நடுவில் ஸ்வரம் பாடும் இடத்துக்கு வந்தார்.

அந்த இடம் ஊருக்கே தெரியும். பாடகி ஸ்வரத்தை முடித்துப் பாட்டை எடுத்தபோது மிருதங்கம் அரைத்தட்டு பின்னால் நின்றது. கச்சேரியே கால் இடறியது. மிருதங்கம் வாசித்த தில்லைநாயகம் தாளத்தை விட்டுவிட்டார் என்று பேச்சாயிற்று. அதற்குப் பிறகு மரகதவல்லி அவரைக் கூப்பிடவில்லை. மற்றவர்களும் கூப்பிடவில்லை.

நசீமா நாலு பதிவையும் அடக்கிவிட்டு முன்வரிசையை மட்டும் ஓட விட்டார். பாட்டுக்குப் பக்கத்தில் டக், டக் என்று ஒரு சத்தம். நாற்காலியின் இரும்புக் கையில் யாரோ மோதிர விரலால் தாளம் போடுகிறார். நன்றாகத்தான் போடுகிறார். ஸ்வரம் விறுவிறுப்பாகப் போகப் போக அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொள்கிறது. தட்டு ஓட ஆரம்பிக்கிறது. அரைத்தட்டு முந்திக்கொண்டு 'டக்' என்று விழ, பாடகி அதை நம்பிப் பாட்டை எடுக்கிறார். மிருதங்கம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

"போன் முந்தலை சார். தட்டுறவர்தான் முந்துறார்."

ஆராவமுதன் வலது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பவழ மோதிரம் போட்ட கை. எத்தனையோ பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் சுழித்த மனுஷர், இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"நான்தான் மேடம்."

"தெரியும் சார். இங்க மேசையிலயும் அப்படித்தான் போடுறீங்க."

"இன்னும் இருக்கு," என்றார் அவர். "கச்சேரி முடிஞ்சு கேண்டீன்ல எல்லாரும் என்னைத்தான் கேட்டா, என்ன ஆச்சுன்னு. மிருதங்கம் கோட்டை விட்டுடுத்துன்னு சொன்னேன். அப்போ சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். முந்தாநாள் இந்த போனைக் கேட்டப்பறம்தான்..."

"கேட்டப்புறம்?"

"தூக்கி ஓரமா வெச்சுட்டேன்."

நசீமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"அந்தத் தட்டை மட்டும் சுத்தமா எடுத்துட முடியுமா?" என்று கேட்டார் ஆராவமுதன்.

"முடியுமே."

நசீமா கால் மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகத் துடைத்தார். ஐந்து பதிவையும் சேர்த்து அந்த இடத்தை ஓட்டிக் காட்டினார். அந்த போனை ஓரமாக வைத்த பிறகு ஆராவமுதன் தைரியமாகக் கேட்டுப் பார்க்காத இடம் அது. துளி சத்தம் இல்லை. பாடகி எடுத்தார், மிருதங்கம் பின்னால் வந்தது. கேட்கிற யாராக இருந்தாலும் மிருதங்கத்தின் மேல்தான் பழி போடுவார்கள். அவரே போட்டவர்தானே.

"வேண்டாம்," என்றார். "பழையபடி வெச்சுடுங்கோ."

நசீமா தட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

ஆராவமுதன் உட்கார்ந்து, முன்வரிசைப் பதிவின் ஒலியைக் கூட்டும் குமிழில் விரலை வைத்தார்.

"எவ்வளவு சத்தமா வைக்கட்டும் மேடம்?"

"கேண்டீன்ல எவ்வளவு சத்தமா சொன்னீங்க?" என்றார் நசீமா.