பானெட்டில் காய்ந்த சந்தனம்

"மூணு மாசமா துணியும் கையுமா நிக்கறேனுங்க அம்மணி. தண்ணியடிக்கற கன்னை எப்பத்தான் கையில குடுப்பீங்க?"

கேட்டவர் ஏகாம்பரம். போர்வெல் லாரியில் பாறையைத் துளைத்தே முடி நரைத்தவர். கேட்கப்பட்டவள் பவுனு. திருச்செங்கோட்டில் கார்களுக்கு வாட்டர் வாஷ் அடிப்பவள். குருவுக்குச் சீடரின் வயதில் பாதி.

"மத்தியான பஸ்ஸுக்கு நான் ஊருக்குப் போறேனுங்கண்ணா. கடையை உங்ககிட்ட உட்டுட்டுப் போறதா, பூட்டிட்டுப் போறதான்னு இப்பப் பாத்துரலாம்."

பூட்டினால் அவருக்கு மறுபடி லாரிதான். மறுபடி வடக்கே, மாசக்கணக்கில் வீட்டு முகம் பார்க்காமல்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அது. இனி வருகிற கார் ஒவ்வொன்றும் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய்த்தான் வரும்.

பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாசலில் நின்றது. அதன் இரண்டு இலைகளில் காலையிலேயே பவுனு பொட்டு அப்பிக் காயவிட்டிருந்தாள்.

"பொட்டு போகோணும். இலை இருக்கோணும்."

ஏகாம்பரம் கன்னை இலைக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் வைத்து அழுத்தினார்.

டுர்ர்ர்ர்!

பொட்டு போனது. இலையும் போனது. பின்சுவரில் பச்சையாக அப்பிக்கொண்டது.

பவுனு இடுப்பில் கை வைத்து, கார்க்காரர் குரலில் அலறினாள்: "அய்யய்யோ, என்ற பானெட்டு! போன மாசந்தானய்யா பெயிண்ட் அடிச்சேன்! கோழி உரிச்ச மாதிரி உரிச்சுட்டியே!"

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றது.

"பாறையில இப்படித்தானுங்க அம்மணி..."

"இது பாறைங்களாண்ணா?"

கன்னை வாங்கினாள். நாலடி தள்ளி நின்று, அடுத்த இலையைத் தூறல் மாதிரி நனைத்தாள். மிஷினை அணைத்தாள். கன்னின் மூக்கைத் தரைப்பக்கம் திருப்பி வைத்தாள்.

டீ குடித்தாள். கடைசிச் சொட்டு வரை.

"அம்மணி, நேரமாகுதுங்க."

எழுந்தாள். அதே தூரம். சாய்வாக ஒரே வீச்சு. ஊறிய பொட்டு வழுக்கி இறங்கியது. இலை தலையை ஆட்டிவிட்டுச் சும்மா நின்றது.

"ஆயிரமடி துளை போட்ட ஆளுகளையெல்லாம் பாத்திருக்கேன். இப்படி ஒரு கையைப் பாத்ததில்லீங்க."

கார் ஒன்று உள்ளே நுழைந்தது. பானெட் நிறையச் சந்தனம்.

ஏகாம்பரம் கன்னை எடுத்தார். தள்ளி நின்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். நனைத்தார். மிஷினை அணைத்தார். மூக்கு தரைக்கு. உட்கார்ந்து டீயைக் கையில் எடுத்தார்.

"யோவ், கரண்ட் போயிருச்சா?" என்றார் கார்க்காரர்.

"இல்லீங்க."

"மிஷின் ரிப்பேரா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னதான்யா பண்ணிட்டிருக்கற?"

ஏகாம்பரம் ஒரு வாய் உறிஞ்சினார்.

"கழுவிட்டிருக்கேனுங்க."

பவுனு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.