விழப்போகிற பல்

அஸ்மா வைத்த பல் அடைப்பு மறுபடியும் பெயர்ந்து வந்துவிட்டது. எட்டு வயது நிவேதிகாவின் கடைவாய்ப் பால் பல். இது இரண்டாவது முறை.

“பிடுங்கிடுங்க மேடம். எப்படியும் விழப்போற பல்லுதானே?” என்றாள் தாய். நாற்காலியில் சிறுமி தேம்பிக்கொண்டிருந்தாள்.

அஸ்மா பல் மருத்துவத்தில் மேற்படிப்பு மாணவி. நேராகப் பேராசிரியர் மரியநாயகத்தின் அறைக்குப் போனாள்.

“பெரியவங்களுக்கு நான் அடைச்சது ஒண்ணுகூட பெயர்ந்து வந்ததில்ல சார். அதே மருந்து, அதே பசை, அதே நேரம். குழந்தைப் பல்லுல மட்டும் ஏன் ஒட்ட மாட்டேங்குது? எனக்கு இந்த வேலை வராதோன்னு பயமா இருக்கு.”

அவர் எழுந்து சிறுமி இருந்த நாற்காலிக்கு வந்தார். அஸ்மாவின் கையுறைப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நிவேதிகாவின் கையில் மாட்டினார். விரல் நுனிகள் தொளதொளவென்று தொங்கின. சிறுமி அவற்றை ஆட்டிப் பார்த்தாள். அழுகை நின்று சிரிப்பு வந்தது.

“நல்ல கையுறைதான்” என்றார் அவர், அஸ்மாவைப் பார்த்து.

அஸ்மா தொங்கிய விரல் நுனிகளைப் பார்த்தாள். பெரியவர் அளவு. அதே நேரம்! பால் பல்லின் உட்பகுதி மென்மையானது. பசை பிடிப்பதற்காகப் பூசும் அமில மருந்தைப் பெரியவர் பல்லுக்கு வைக்கும் அளவு நேரம் வைத்தால் ஆழமாக அரித்துவிடும். பசை அதன் அடிவரை இறங்காது. போதாததற்குக் குழந்தை அழ அழ, எச்சில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டி எச்சில் ஈரம் படாமல் காத்தாள். மருந்தைச் சீக்கிரமே கழுவினாள். சிறுமி கை தூக்கியபோதெல்லாம் நிறுத்தினாள்.

இரண்டு வருஷம் அந்தப் பக்கமாகத்தான் நிவேதிகா முறுக்கைக் கடித்தாள்.

ஒருநாள் தாயும் மகளும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சிறுமியின் உள்ளங்கையில் அந்தப் பல். அஸ்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். அடைப்பு அசையாமல் ஒட்டியிருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. சிறுமியைக் கூட்டிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள்.

“தானா விழுந்திருக்கு சார், அடைப்போட!” என்றவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். “ஆனா, விழுற பல்லுக்கா சார் நாம இவ்வளவு பாடுபட்டோம்?”

அவர் நிவேதிகாவை வாய் திறக்கச் சொன்னார். பல் விழுந்த இடத்தில், ஈறுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

“இவர் வர்ற வரைக்கும் இடத்தை யாராவது பிடிச்சு வைக்கணும்ல?” என்றார்.