நாற்பத்து மூன்று கட்டங்கள்

"எல்லாத்தையும் காட்டிட்டேன் டீச்சர். அப்புறமும் ஏன் பாதியில எழுந்து போயிடறாங்க?"

கேட்டவர் இருதயராஜ். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷம் நூற்பாலையில் உற்பத்தித் திட்டம் போட்டவர். ஆலையை மூடியதும், திரையில் தொழிற்சாலை கட்டி விளையாடும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள் மெஹருன்னிசா. அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். அவர் டீச்சர் என்பார். அவள் அண்ணா என்பாள்.

கேமில் பம்பு செய்ய வேண்டும். பம்பைத் தொட்டால் இருதயராஜ் வரைந்த செய்முறைப் படம் விரியும். பூமியில் தோண்டும் இரும்பு முதல் கடைசித் திருகு வரை எதிலிருந்து எது வரும் என்று நாற்பத்து மூன்று கட்டங்கள். நாலு மாத உழைப்பு. விளையாடிப் பார்க்க வந்த பதினொரு பேரில் ஒன்பது பேர் அந்த இடத்தில்தான் எழுந்து போனார்கள். மாசக் கடைசிக்குள் சரிவராவிட்டால் படத்தையே எடுத்துவிடச் சொல்லி உத்தரவு.

"ஒரு தப்பு காட்டுங்க பார்ப்போம்."

மெஹருன்னிசா காட்டவில்லை. எழுந்து போனவர்களில் ஒருவரை மறுபடி வரவழைத்தாள்.

பூங்கொடி வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர்.

"அண்ணா, நீங்க பின்னாடி உட்காருங்க. வாயைத் திறக்கக் கூடாது."

பூங்கொடி பம்பைத் தொட்டார். படம் விரிந்தது. கையை எடுத்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். நமக்கு அவ்வளவு படிப்பு இல்லீங்க."

இருதயராஜுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

மெஹருன்னிசா படத்தை மூடினாள்.

"அக்கா, இதுவரைக்கும் என்னென்ன கட்டியிருக்கீங்க?"

"இரும்பு உருக்கறது ரெண்டு ஓடுதுங்க. செம்புக் கம்பி வருது. மோட்டார் நிமிஷத்துக்கு நாலு. ரப்பர் வாஷர்தான் இன்னும் போடலை."

தடுமாறாமல் சொன்னார்.

மெஹருன்னிசா படத்தை மறுபடி திறந்து பின்னால் திரும்பினாள்.

"அண்ணா, இதுல பூங்கொடி அக்கா எங்க இருக்காங்க?"

இருதயராஜ் நாற்பத்து மூன்று கட்டங்களையும் தேடினார். அக்கா எதுவரை கட்டியிருக்கிறார் என்று எந்தக் கட்டமும் சொல்லவில்லை.

பதினொரு நாள் கழித்து வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது படம், விளையாடுபவரின் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுத்தான் விரியும். கட்டி முடித்ததெல்லாம் மங்கலாக ஒதுங்கும். இல்லாதது மட்டும் ஒளிரும்: ரப்பர் வாஷர், நிமிஷத்துக்கு எட்டு.

"அதோட நிறுத்தலை டீச்சர். இந்தப் பொத்தானை அமுக்கினா வாஷர் லைன் தானாவே வந்து உட்கார்ந்துக்கும். அவங்க ஒண்ணும் யோசிக்கவே வேண்டாம்."

"அக்காவைக் கூப்பிடுவோம்" என்றாள் அவள்.

பூங்கொடி பொத்தானை அமுக்கினார். வாஷர் வந்தது. பம்பு ஓடியது.

"நல்லா இருக்குதுங்க சார்."

கைப்பையை எடுத்துக்கொண்டார். வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் படியிறங்கியதும் இருதயராஜ் பொறுமையிழந்தார். "பம்புதான் ஓடிச்சே! அப்புறம் ஏன் கிளம்பறாங்க?"

"ஓடிச்சு. யார் ஓட்டினது அண்ணா?"

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. மெஹருன்னிசா தன் டப்பாவிலிருந்து பாதியை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்குள் பொத்தானை எடுத்துவிட்டார். ஒளிரும் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தார்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி வந்தார். வரியைப் படித்தார். "எட்டா?" என்று முனகிவிட்டு மெஷினைத் தூக்கி வைத்தார். சரக்கு ஓடும் பெல்ட்டைத் திசை மாற்றிப் போட்டுவிட்டார். வாஷரெல்லாம் மோட்டார் லைனுக்குள் போய் அடைத்துக்கொண்டது. மொத்த ஆலையும் நின்றது.

இருதயராஜ் பதறி எழுந்தார். திரைப்பக்கம் குனிந்தார். இருபத்தாறு வருஷ அனுபவம் விரல் நுனிக்கு வந்துவிட்டது.

மெஹருன்னிசா தடுக்கவில்லை.

பூங்கொடி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"சார், கொஞ்சம் தள்ளுங்க. மறைக்குது."